பாங்கொலிக்கு எழும் பிள்ளை

மருதமுனைச் சுனாமி வீட்டுத்திட்டத்தில் ஸுஹைறாவின் வீட்டை விசாரிப்போருக்குப் பள்ளிவாசலுக்கு எதிரே இரண்டாவது படலை என்று வழி சொல்வார்கள். பள்ளியின் ஒலிபெருக்கிகள் நான்கில் ஒன்று அவ்வீட்டுக் கூரையை நோக்கியே பொருத்தப்பட்டிருக்கிறது. பாங்கு சொல்லப்படும் வேளையில் அங்கே இருவர் பேசிக்கொள்ள இயலாது. தொலைபேசியில் இருப்பவரைப் பொறுக்கச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதை அவள் ஒருபோதும் குறையாகச் சொன்னதில்லை. இறைவனின் அழைப்பு முதலில் வந்து சேரும் வீடு தன்னுடையது என்பதில் அவளுக்கு மறைவான ஒரு பெருமிதம் இருந்தது.

அவளுக்கு வயது இருபத்தொன்பது. எட்டு வயதில் தாயைக் கடல் கொண்டுபோயிற்று. தாயின் முகத்தைக் காட்டிலும் தாயின் கை ஒன்றே அவள் நினைவில் துலக்கமாக நின்றது. பாங்கு கேட்டதும் எந்த வேலையிலிருந்தாலும் அதை நிறுத்தித் தன் தலையில் முக்காட்டை இழுத்துப் போட்டு, பின் அருகிலிருக்கும் மகளின் தலையையும் துணியால் மூடிவிடும் கை அது. அக்கை றுஸ்னாவின் நிழலில் வளர்ந்து, வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டையே சீதனமாகப் பெற்று, சாய்ந்தமருதுக் கடற்றொழிலாளி றிம்சானுக்கு வாழ்க்கைப்பட்ட பின்னும் அந்தப் பழக்கம் அவளை விட்டு அகலவில்லை. அபாயா தைத்துக்கொண்டிருப்பாள், பாங்கின் முதற் சொல் எழும், இயந்திரத்தை நிறுத்தித் தோளில் கிடக்கும் துணியைத் தலைக்கு இழுப்பாள். தான் அப்படிச் செய்கிறோம் என்பதைக்கூட அவள் அறிவதில்லை. மூச்சு விடுவதை யார் எண்ணிப் பார்க்கிறார்கள்?

அவர்களுக்கு மணமாகி ஐந்தாம் ஆண்டில் நஸ்லா பிறந்தாள். பிள்ளையைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்ததும் றிம்சான் தொழுகைத் திசையான கிப்லாவை நோக்கி நின்று, வலக் காதில் பாங்கும் இடக் காதில் தொழுகை தொடங்கும்போது சொல்லும் இகாமத்தும் சொன்னான். கடலில் காற்றை மீறிக் கத்திப் பழகிய தொண்டையை அவன் அன்று அத்தனை மென்மையாக்கியதைப் பார்த்து ஸுஹைறா சிரித்தாள். குழந்தை இமையும் அசைக்காமல் கிடந்தது. என்ன அமைதியான பிள்ளை என்று சுற்றி நின்றவர்கள் மகிழ்ந்தார்கள்.

உரிய காலத்தில் தவழ்ந்தாள். உரிய காலத்தில் நடந்தாள். வாயில் எதை வைத்தாலும் உண்டாள். பேச்சு மட்டும் வரவில்லை. பசித்தால் "ம்மா" என்றொரு குரல் எழுப்புவாள். அதை உம்மா என்று வீட்டார் எடுத்துக்கொண்டார்கள். ஓதிய தேனை நாவில் தடவினார்கள். றிம்சானும் நான்கு வயதுக்குப் பின்தான் வாய் திறந்தான் என்று அவன் பக்கத்து உறவினர் ஆறுதல் சொன்னார்கள். றுஸ்னா ராத்தாவோ தங்கையைத்தான் குறை கூறினாள்.

"கேக்கிறதுக்கு முந்தி எல்லாத்தையும் எடுத்துக் கையில குடுக்காய். மறுகா அவள் என்னத்துக்கு வாயத் தொறக்கணும்? நானெண்டாலும் கதைக்க மாட்டன்."

ஸுஹைறாவும் அதை நம்பினாள். நம்பாதிருக்கக் காரணம் இல்லை. தையல் இயந்திரம் ஓடத் தொடங்கினால், எந்த மூலையில் விளையாடிக்கொண்டிருந்தாலும் நஸ்லா வந்து அதன் மரப்பலகையில் கன்னத்தை வைத்து உட்கார்ந்துகொள்வாள். சத்தத்தில் இத்தனை ஆசையுள்ள பிள்ளைக்குக் காதில் குறை இருக்குமென்று எவரும் கனவிலும் எண்ணவில்லை. அன்றியும், எல்லாச் சந்தேகத்தையும் தீர்த்துவைக்கும் சான்று ஒன்று அவ்வீட்டில் நாள்தோறும் பலமுறை நிகழ்ந்துகொண்டிருந்தது.

ஒன்றரை வயது ஆகுமுன்னமே அது தொடங்கிற்று. பாங்கு சொன்னதும் பிள்ளை எழுந்து, அலுமாரியின் தாழ்ந்த தட்டிலிருந்து தகப்பனின் வெள்ளைத் தொப்பியை எடுத்துக்கொண்டு ஓடிவந்து அவனிடம் நீட்டுவாள். அவன் கடலுக்குப் போயிருந்தால் தொப்பியும் கையுமாக வாசலில் நிற்பாள். சில நாளில் எதிர்ப்பள்ளியின் பாங்குக்கு முன்னமே, தொலைவிலுள்ள பள்ளியின் மெல்லிய பாங்குக்கே எழுந்துவிடுவாள். அதைக் கண்ட அடுத்த வீட்டுச் சபூறா வேலிக்கு மேலால் றிம்சானிடம் சொன்னாள்:

"உங்கட மகள் பாங்கு சொல்ற மோதினாருக்கு முந்தியே எழும்பிருவாள் போல கிடக்கு. பள்ளியில ஒரு வேலைய எடுத்துக் குடுங்க தம்பி."

றிம்சான் அந்தப் பகிடியைக் கடற்கரையெங்கும் சொல்லித் திரிந்தான். முதன்முதல் தன் வாயால் காதில் விழுந்த ஒலி அது, அதனால்தான் பிள்ளை அதை மறக்கவில்லை என்பது அவனுடைய முடிவு. கேட்டவர்கள் மாஷா அல்லாஹ் என்றார்கள்.

பிரதேசத்து மருத்துவ மாது சுலக்சனா, பாண்டிருப்பிலிருந்து வருபவள், பிள்ளைகளை நிறுக்கும் நாளில் கிளினிக் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாகக் கேட்பாள். பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று எட்டாம் மாதத்திலும் கேட்டாள். பன்னிரண்டாம் மாதத்திலும் கேட்டாள். முன்னால் நின்று கூப்பிட்டபோதெல்லாம் பிள்ளை தன்னைப் பார்த்துச் சிரித்தது ஸுஹைறாவின் நினைவுக்கு வரும். தயங்காமல் ஓம் என்பாள். பதினெட்டாம் மாதத்தில் சுலக்சனா சற்று அழுத்திக் கேட்டாள். இன்னும் ஒரு சொல்லும் வராதது அவளுக்கு உறுத்தலாக இருந்திருக்க வேண்டும்.

"கூப்பிட்டா சத்தம் வந்த பக்கம் திரும்புறாவா அக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ஓம் மிஸ். பாங்கு சொன்னா எழும்பி ஓடிப் போய் வாப்பாட தொப்பியக் கொண்டு வாறாள். தூரத்துப் பள்ளியிட பாங்கும் கேக்குது அவளுக்கு."

சுலக்சனா சிரித்துவிட்டுக் கட்டத்தில் சரி அடையாளமிட்டாள். வெளியே இன்னும் முப்பது தாய்மார் வரிசையில் நின்றார்கள்.

நஸ்லாவுக்கு மூன்று வயதும் சில மாதமும் ஆன ஒரு நாள், பிற்பகல் தொழுகையான அஸருக்குச் சற்று முன்னர், ஸுஹைறா குசினித் தரையில் அமர்ந்து ரொட்டிக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தாள். றிம்சான் தோணியடியில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். பிள்ளை எதிரே உட்கார்ந்து, வெறுமையான நூற்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தது. தேங்காய்ப்பூவும் மாவுமாக இரு கையும் மணிக்கட்டு வரை ஒட்டிக்கிடந்த நேரத்தில் பாங்கு எழுந்தது. துணியைத் தொட வழியில்லை. கழுவிவிட்டுப் போடுவோம் என்று அவள் விரல்களை வழித்துக்கொண்டிருந்தாள்.

கூரைத் தகடு அதிரும்படி பாங்கு ஒலித்துக்கொண்டிருந்தது. நஸ்லா நூற்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

விளையாட்டில் மூழ்கிவிட்டாள் என்று தாய் நினைத்தாள். பாங்கு பாதியைத் தாண்டிற்று. பிள்ளை தலை நிமிரவில்லை. கையைக் கழுவி, ஈரத்தைத் துடைத்து, ஸுஹைறா தோளிலிருந்த துணியைத் தலைக்கு இழுத்தாள். அந்தக் கணமே நஸ்லா கட்டைகளை விட்டெறிந்து எழுந்தாள், அலுமாரிக்கு ஓடினாள், தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றாள்.

ஸுஹைறா அன்று தொழுகையில் எத்தனை ரக்அத் தொழுதோம் என்பதை மறந்து மீண்டும் தொழுதாள்.

மறுநாள் முற்பகல், பாங்குக்கு இரண்டு மணி நேரம் இருக்கையில், அவள் தையலை நிறுத்தினாள். வீதியில் ஐஸ்கிறீம் வண்டியின் இசை கடந்து போயிற்று. பிள்ளை தரையில் படுத்து ஒரு துண்டுத் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். தாய் எழுந்து அவளுடைய கண்ணில் படும் இடத்தில் நின்று, வேறெதுவும் செய்யாமல், மெதுவாக முக்காட்டை இழுத்துப் போட்டாள். பள்ளி மௌனமாகக் கிடந்தது. நஸ்லா எழுந்து தொப்பியை எடுத்து வந்தாள். கடலுக்குப் போன தகப்பனுக்காக வாசலில் நின்று வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸுஹைறா பின்னால் போய், முதலில் பெயரைச் சொல்லி அழைத்தாள். பிறகு உரத்து அழைத்தாள். பிறகு அலுமினியச் சட்டியின் மூடியைச் சுவரில் ஓங்கி அடித்தாள். சபூறாவின் கோழிகள் கலைந்து ஓடின. வாசலில் நின்ற சிறிய முதுகு அசையவில்லை.

தன் கை இத்தனை காலமும் தானறியாமல் பேசிவந்திருக்கிறது என்பது அவளுக்கு அப்போது விளங்கிற்று. தூரத்துப் பள்ளியின் பாங்கும் அதற்குள் அடக்கம். அதையும் கேட்டது தாயின் காதே.

அன்று மாலை றிம்சானிடம் சொன்னாள். அவன் சோற்றுக் கோப்பையை நகர்த்திவிட்டுச் சிரிக்கப் பார்த்தான்.

"ஆர் சொன்ன?"

"ஆரும் சொல்லல்ல. நான்தான் சொல்றன். புள்ளைக்குக் காது கேக்கல்ல."

"விசர்க்கதை கதைக்காத புள்ள. என்ட வாயால அவள்ட காதுல பாங்கு சொன்ன நான். அந்தச் சத்தம் அவளுக்குள்ள கிடக்கு. ஊரே பாத்த விசயம் இது."

அவள் வாதாடவில்லை. மறுநாள் அஸருக்கு வீட்டிலேயே நிற்கும்படியும், ஒரே ஒரு முறை பள்ளியின் ஜமாஅத் தொழுகைக்குப் பிந்தினாலும் பொறுத்துக்கொள்ளும்படியும் கேட்டாள். அவன் எழுந்து கைகழுவப் போனான். ஆயினும் மறுநாள் நின்றான்.

பிள்ளையை நூற்கட்டைகளோடு நடுவறையில் இருத்தி, எதிரே ஸுஹைறா அமர்ந்தாள். துணியை மடித்து மடியின்மேல் வைத்து, அதன்மேல் இரு கையையும் வைத்துக்கொண்டாள். நினைவு தெரிந்த நாள் முதல் பாங்கு வேளையில் அவள் தலை வெறுமையாக இருந்ததில்லை; முந்தாநாள் மாவு படிந்த கையோடு கழிந்த அந்தச் சிறு பொழுதைத் தவிர. இன்று அதை அறிந்தே செய்ய வேண்டியிருந்தது. மனத்துள் மன்னிப்புக் கேட்டபடி இருந்தாள்.

பாங்கு எழுந்தது. மடியிலிருந்த கை தானாக உயரப் பார்த்தது. மற்றக் கையால் அதை அழுத்திப் பிடித்தாள். கதவடியில் நின்ற றிம்சான் பிள்ளையைப் பாராமல் மனைவியின் தலையையே பார்த்தான்.

"முக்காட்டப் போடு," என்றான்.

அவள் போடவில்லை. அப்போதுதான் அவன் பிள்ளையின் பக்கம் திரும்பினான். நஸ்லா சிவப்புக் கட்டையின்மேல் பச்சைக் கட்டையை வைத்துக்கொண்டிருந்தாள். அவன் பெயரைச் சொல்லி அழைத்தான். பாங்கொலியோடு போட்டியிட்டுக் கடலில் கத்துவதுபோல் கத்தினான். பச்சையின்மேல் மஞ்சள் ஏறிற்று. பாங்கு முடிந்து, ஒலிபெருக்கியின் இரைச்சலும் அடங்கிய பின், அவன் குனிந்து தரையிலிருந்த கட்டையொன்றை எடுத்துப் பார்த்துவிட்டு அதே இடத்தில் வைத்தான்.

"முக்காட்டப் போடு புள்ள," என்று மறுபடி சொன்னான். குரல் வேறாக இருந்தது.

அவள் போட்டாள். பிள்ளை எழுந்து ஓடித் தொப்பியைக் கொண்டுவந்து தகப்பனிடம் நீட்டினாள். அவன் அதை வாங்கிக்கொண்டான், தலையில் வைக்கவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் அமர்ந்தான். ஏன் போகவில்லை என்பதுபோல் பிள்ளை அவன் சட்டையைப் பிடித்து வாசலை நோக்கி இழுத்தாள்.

இரண்டு மாதம் ஆஸ்பத்திரிகளில் கழிந்தது. பிள்ளையை உறங்கவைத்து, நெற்றியிலும் காதின் பின்னும் வயர்களை ஒட்டிப் பரிசோதித்தார்கள். இரு காதும் பிறவியிலிருந்தே ஏறக்குறைய முற்றாகக் கேட்பதில்லை என்று வைத்தியர் சொன்னார். அவர் இளைஞர், கடுமையில்லாதவர். கிளினிக் கொப்பியைப் புரட்டியவர் ஓரிடத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

"எட்டாம் மாசம், பன்னிரண்டாம் மாசம், பதினெட்டாம் மாசம். மூண்டு இடத்திலயும் கேக்குது எண்டு அடையாளம் கிடக்கு. இது ஆர் சொன்னது?"

"நான்," என்றாள் ஸுஹைறா.

அவர் கொப்பியை மூடினார். முதல் இரண்டு ஆண்டுகளில்தான் மொழி மூளையில் இடம் பிடிக்கிறது என்று விளக்கத் தொடங்கி, தாயின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். காதுக்குப் பின்னால் மாட்டும் கருவிகள் தரப்படும். அவற்றால் கிடைப்பது கொஞ்சமாகவே இருக்கும். கொழும்பில் செய்யும் சத்திரசிகிச்சைக்குப் பெயர் எழுதலாம். முறை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதுவரை ஒரு நாளும் வீணாகக்கூடாது என்றார். வீணான நாட்களைப் பற்றி அவர் சொல்லவில்லை. பேருந்தில் வீடு திரும்பும் வழியெல்லாம் ஸுஹைறா அவற்றைப் பற்றியே நினைத்தாள்.

செய்தி அறிந்து சுலக்சனா வந்தாள். கொடுத்த தேநீரைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தாள். பிள்ளைக்குப் பின்னால் நின்று ஒருமுறையாவது தான் கைதட்டிப் பார்த்திருக்க வேண்டும் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். நீங்கள் கேட்டீர்கள், பதில் சொன்னது நான், கேட்டவளில் என்ன குற்றம் என்று ஸுஹைறா சொன்னாள்.

றுஸ்னா ராத்தாவின் கவலை வேறாக இருந்தது.

"வெளியில கதைச்சித் திரியாத. பொம்புளப் புள்ள. நாளைக்கு ஆருகா கேட்டு வருவாங்க? முடிய நல்லா இறக்கி விட்டா காதுல மாட்டியிருக்கிற அந்தச் சாமான் தெரியாது."

மறுநாள் ஸுஹைறா மகளின் முடியை இறுக்க வாரி உச்சியில் கட்டினாள். இரு காதின் பின்னும் கருவிகள் வெளியே தெரிந்தன. சபூறா வேலிக்கு மேலால் பார்த்தாள். பகிடி சொல்லவில்லை, அதன் பிறகும் சொல்லவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு கட்டங்கள் போட்ட தாளைத் தந்திருந்தாள். நாளொன்றுக்கு ஐந்து கட்டம். வீட்டில் மிக உரத்த ஒலி எது என்று அவள் கேட்டபோது ஸுஹைறா பாங்கைத்தான் சொன்னாள். நல்லது, அதுவே போதும் என்றாள் அவள். பிள்ளை ஒலியை மட்டும் கொண்டு திரும்ப வேண்டும். கண்ணுக்கு எந்தக் குறிப்பும் தெரியக்கூடாது. திரும்பினாளா இல்லையா என்று ஒவ்வொரு வேளையும் எழுதி வர வேண்டும். சத்திரசிகிச்சைக்குப் பிள்ளையை முந்தி அனுப்புவதா, இக்கருவிகளே போதுமா என்பதை அந்தத் தாளையும் பார்த்துத்தான் தீர்மானிப்பார்கள்.

ஆகவே ஒவ்வொரு பாங்குக்கும் முன்னர் ஸுஹைறா பிள்ளையைக் கிழக்கே பார்க்க இருத்திவிட்டு, பின்னால் அறை மூலையில் போய் நிற்பாள். பாங்கு எழும், அவள் முக்காட்டைப் போடுவாள், பிள்ளை அறியாது. பாங்கு முடியும். விடியற்கால ஸுபஹ் வேளையில் உறங்குகிறாள் என்று எழுதுவாள். மற்ற நான்கிலும் இல்லை என்று எழுதுவாள். தொப்பி அலுமாரியிலேயே கிடந்தது. றிம்சான் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு போனான்.

ஆறு வாரம் கடந்த ஒரு நாள், கல்யாண வீடொன்றுக்குத் தைத்த ஆடைகளை அறை மூலையில் அடுக்கிவைத்திருந்ததால், அஸருக்கு அவள் திறந்த மேற்கு வாசலருகே நின்றாள். றிம்சான் தொழுகைக்காகக் கைகால் கழுவி வுழூச் செய்த ஈரத்தோடு உள்ளறை நிலையில் நின்று பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாங்கு எழுந்தது. ஸுஹைறா துணியை இழுத்தாள்.

நஸ்லா தலை நிமிர்ந்தாள். சட்டென்று திரும்பித் தாயைப் பார்த்தாள். பிறகு எழுந்து ஓடித் தொப்பியை எடுத்துவந்தாள்.

"சத்தத்துக்குக் கிறுகிட்டாள், திரும்பிட்டாள்," என்றான் றிம்சான். பாங்கொலியில் அவன் குரல் கேட்கவில்லை, உதடுதான் தெரிந்தது. பாங்கு முடியுமுன்னமே பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டான். அவன் கண்ணீர் பிள்ளையின் காதுக் கருவியில் பட்டுவிடுமோ என்று ஸுஹைறா அஞ்சினாள். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல அவளும் வாயெடுத்தாள். அப்போது அவள் பார்வை தரையில் விழுந்தது. சாய்ந்த வெயில் முதுகுப்புறமாக வந்துகொண்டிருந்தது. பிள்ளை இருந்த இடத்தையும் தாண்டி, சீமெந்துத் தரையில் அவளுடைய நிழல் நீண்டு கிடந்தது; முக்காட்டின் விளிம்பைப் பிடித்த கையின் நிழல் உட்பட.

அவள் கையை இறக்கினாள். நிழலின் கையும் இறங்கிற்று.

"இல்ல," என்றாள். "என்ட நிழலப் பாத்துட்டாள்."

"பாங்கு சொன்னதும் அவள் கிறுகினதும் ஒண்டாத்தான் நடந்த. என்ட கண்ணால பாத்த நான்."

"நானும் முந்தி அப்பிடித்தான் பாத்த."

அவன் பிள்ளையை இறக்கிவிட்டான். தரையில் கிடந்த நிழலைப் பார்த்தான். பின்பு பிள்ளை நீட்டிக்கொண்டிருந்த தொப்பியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனான். தொப்பி ஏற்கப்பட்ட மகிழ்ச்சியில் பிள்ளை வாசலில் நின்று குதித்தாள்.

ஸுஹைறா தொழுது முடித்து, தாளை எடுத்து, அஸருக்குரிய கட்டத்தில் இல்லை என்று எழுதினாள். பிறகு கல்யாண உடுப்புகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மறுபுறம் வைத்து, அந்தி நேரத்து மஃரிபுக்கு நிற்பதற்கு அந்த மூலையை ஒழித்துக்கொண்டாள்.